மொட்டைமாடியில் இறங்கிய பிரெஞ்சு விமானம்

அத்தாவின் தம்பியான என் சாச்சா, மேற்குத் தாம்பரத்தில் மிக்ஸியும் மின்விசிறியும் பழுது பார்ப்பவர். எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுத் தெர்மோகோலில் விமானம் ஒன்று செய்தார். உலகப்போருக்குப் பிறகு பிரான்சில் ராணுவத்துக்காகச் செய்த சின்னப் போக்குவரத்து விமானத்தின் மாதிரி அது. அசலிலேயே ஒன்றுதான் செய்தார்களாம். ராணுவம் வேண்டாம் என்றுவிட்டதாம்.

"தினம் தலைக்கு மேல எத்தன ப்ளேன் போவுது, யாரும் வாங்காததத்தான் செய்வியா?" என்றார் அத்தா.

"இதுலதாண்ணா சாமான் வைக்க கதவு கீது."

ஞாயிற்றுக்கிழமை பீர்க்கன்கரணை ஏரிக்கரைக்குப் போனோம். விமானத்தைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு ஓடுவது என் வேலை. "ஓடு, ஓடு... வுடு!" என்று சாச்சா ரிமோட்டோடு கத்தினார். விட்டேன். பறந்தது! கொக்குகள் பதறி எழுந்தன. நான் செருப்பை உதறிவிட்டுக் குதித்தேன். கரையை ஒட்டிய ஒரு ரோஸ் நிற வீட்டை வட்டமிட்டு, அதன் மொட்டைமாடியில் போய் விழுந்தது.

சாச்சா துளியும் பதறவில்லை. என்னை அனுப்பினார். கையில் கல்லூரிப் புத்தகத்தோடு ஓர் அக்கா கதவைத் திறந்தாள். "பைலட் நீதானா? அடுத்த ஞாயிறும் காத்து நல்லா இருக்கும்னு சொல்லு" என்று விமானத்தைத் தந்தாள். அதைச் சொன்னதும் சாச்சா என்னைத் தூக்கிச் சுற்றினார். இவ்வளவு மோசமாக ஓட்டிவிட்டு என்ன சிரிப்பு என்று எனக்குக் கோபம்.

அடுத்த ஞாயிறும் அதே மாடிதான். ஆனால் இந்த முறை மாடியில் நின்றவர் அக்காவின் அப்பா. ஒரு கையில் இறக்கை முறிந்த விமானம், மறு கையில் மடித்த காகிதம். வீட்டுக்கு வரச் சொல்லிக் கையசைத்தார். சாச்சாவின் முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் ஓடவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

அக்காவின் அப்பா சாச்சாவை மேலும் கீழும் பார்த்தார். "போன வாரமும் லெட்டர் இப்டித்தான் வந்துச்சா?"

"ஆமா சார்."

"வூட்டுப் பெரியவங்களுக்குக் கால் இல்லியா? பொண்ணு கேக்க வரச் சொல்லு, பேசலாம்."

திரும்பும் வழியில் பேருந்து நிறுத்தத்தில் சாச்சா குலுங்கிக் குலுங்கி அழுதார். உடைந்த இறக்கைக்காக அழுகிறார் என்றே நினைத்தேன்.

"அழுவாத சாச்சா, ஃபெவிகால் போட்டு ஒட்டிக்கலாம்" என்றேன்.