மகளை ஜெபக் குறிப்பாக்கியவள்

கண்ணாடியக்கா நல்லவள்தான். யாருக்கும் கெடுதல் நினைக்காதவள், கைவேலை சுத்தம், பேச்சு இதம். ஆனால் டீச்சர் வீட்டுப் பிள்ளைகளைக் கண்டால் மட்டும் அவளுக்கு வயிறு எரியும். இதைப் பூசி மெழுகிச் சொல்லி என்ன ஆகப்போகிறது? எரியும், அவ்வளவுதான்.

மூக்குக் கண்ணாடிக் கடையில் பதினாறு வருஷமாக வேலை பார்ப்பதால் சபையில் அவளுக்கு அந்தப் பேர். பிரேமுக்கு லென்ஸ் பொருத்துவது, கோணிப்போன காதுக்கம்பியைச் சூடுகாட்டி நிமிர்த்துவது எல்லாம் அவள் பொறுப்பு. வீட்டுக்காரர் பஸ் டிரைவர். நாள் முழுக்க ஹாரன் சத்தத்தில் கிடந்துவிட்டு வருவதால் வீட்டில் பேச்சையே குறைத்துக்கொண்ட மனுஷன். பிள்ளை ஒன்றே ஒன்று. பதினைந்து வயதாகியும் வீட்டில் அவள் பாப்பாதான்.

டீச்சர் என்றால் சபையில் ஞாயிறு பள்ளி நடத்துகிற டீச்சர். அந்தம்மாவுக்கு நாலு பிள்ளைகள். ஆராதனையில் முன்வரிசையில் உயரவாரியாக உட்கார்ந்திருப்பார்கள். வசனம் கேட்டால் நாலு வாயும் ஒரே நேரத்தில் திறக்கும். கடைக்குட்டி, ஆறு வயசு வாண்டு, ஜெபிக்கச் சொன்னால் உலக சமாதானத்தில் ஆரம்பித்து சபைக் கூரை ஒழுகுவது வரைக்கும் ஒன்றுவிடாமல் ஆண்டவரிடம் சொல்லி முடிப்பான். பின்வரிசையில் பாப்பா நகத்தைக் கடித்துக்கொண்டு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். 'அதுங்களுக்கு மட்டும் என்னத்தைப் போட்டு வளக்குறா' என்று கண்ணாடியக்கா உள்ளுக்குள் பொருமுவாள். வெளியே வந்ததும், "ஸ்தோத்திரம் டீச்சர், பிள்ளைங்க என்னமா ஜெபிக்குதுங்க" என்று பல் தெரியச் சிரிப்பாள். சிரித்த வாய் வீடு போய்ச் சேரும்வரை வலிக்கும்.

தினமும் விடிகாலை ஐந்து மணிக்கு எழுந்து சமையலறை ஸ்டூல் பக்கத்தில் முழங்கால் போடுவாள். "ஆண்டவரே, இந்தப் பிள்ளையை எப்படி வளர்க்கணும்னு எனக்குக் காட்டும்" என்பது ஜெபம். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கண்ணை மூடினால் தெரிவது அந்த முன்வரிசைதான். ஆண்டவர் என்ன பதில் சொல்ல வேண்டும் என்பதையும் அவளே முடிவுபண்ணி வைத்திருந்தாள். அவர் அப்புறம் என்னத்தைக் காட்டுவார், பாவம்.

இப்படி இருக்கையில் ஒரு திங்கட்கிழமை சாயங்காலம், துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தவள் பக்கத்தில் பாப்பா வந்து உட்கார்ந்தாள். ஒரு தலையணை உறையை எடுத்து நாலாக மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"அம்மா, ஒண்ணு சொன்னா திட்டக் கூடாது."

"சொல்லு."

"எனக்கு ஜெபம் வரலம்மா. கண்ணை மூடிக்கிறேன், அவ்வளவுதான். அந்தப் பக்கம் யாரோ கேக்குற மாதிரியே இல்ல. எல்லாரும் ஆமென் சொல்றப்போ நானும் சொல்றேன். ரொம்ப நாளா நடிச்சிக்கிட்டுதான் இருக்கேன்."

கண்ணாடியக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனாலும் திட்டவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். மகள் தலையைத் தடவி, "சரி விடு, பாத்துக்கலாம்" என்றாள்.

"யாருகிட்டயும் சொல்லிடாதம்மா. அப்பாகிட்டகூட."

"நான் எதுக்குச் சொல்லப்போறேன்?"

அப்போது அதை மனசாரத்தான் சொன்னாள்.

புதன்கிழமை பெண்கள் ஜெபக்கூட்டம். இந்த வாரம் செயலாளரம்மா வீட்டு ஹாலில். முதலில் ஆண்டவர் செய்த நன்மையைச் சாட்சியாகச் சொல்வார்கள், பிறகு ஜெபக் குறிப்பு. யாருக்கு என்ன தேவையோ சொல்ல, செயலாளரம்மா நோட்டில் எழுதிக்கொள்வாள். மற்றவர்களும் குறித்துக்கொண்டு போய் வாரம் முழுக்க அதற்காக ஜெபிப்பார்கள். ஜெபத்துக்கென்று சொன்னால் அது புறணி ஆகாது என்பது அங்கே எல்லாருக்கும் உள்ள நம்பிக்கை.

டீச்சர் எழுந்தாள். மூத்த மகன் சபை ஊழியத்துக்குத் தன்னை ஒப்புக்கொடுத்துவிட்டானாம், பள்ளிப்படிப்பு முடிந்ததும் பயிற்சிக்குப் போகப்போகிறானாம். அவ்வளவுதான், ஹாலே ஸ்தோத்திரத்தில் அதிர்ந்தது. ஒருத்தி கட்டிப்பிடித்தாள், ஒருத்தி கண்ணைத் துடைத்தாள், "பிள்ளைன்னா இப்படிப் பெறணும்" என்றாள் செயலாளரம்மா. கண்ணாடியக்காவும் எல்லாரோடும் சேர்ந்து கைதட்டினாள். அந்த நேரத்தில் அவளுக்குள் எரிந்ததை வைத்து ஒரு வீட்டுக்குச் சமைத்து முடித்திருக்கலாம்.

"ஜெபக் குறிப்பு இருக்கிறவங்க சொல்லலாம்" என்றாள் செயலாளரம்மா. ஒருத்திக்கு முட்டிவலி. ஒருத்தி மருமகனுக்கு வேலை. அடுத்து கண்ணாடியக்காவின் வாய் திறந்துகொண்டது.

"என் மகளுக்காக ஜெபிங்க. விசுவாசத்தை விட்டே போயிட்டா. ஜெபமே வரலையாம், சபையில வந்து நடிக்கிறாளாம்." சொல்லும்போதே அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பொய் அழுகை இல்லை. ஆனால் டீச்சரைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் அவளை விட்டுவிட்டு இவள் பக்கம் வந்தார்கள். முதுகைத் தடவினார்கள், தண்ணீர் கொடுத்தார்கள். அந்த இரண்டு நிமிஷம் அவளுக்குச் சுகமாக இருந்தது. கேட்கவே கூசுகிறது, ஆனால் நடந்தது அதுதான். டீச்சர் மட்டும் எழுந்து வரவில்லை, குனிந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'அவ பெருமைக்கு இடைஞ்சலாயிட்டேன்ல, வருவாளா' என்று நினைத்துக்கொண்டாள் கண்ணாடியக்கா.

ஞாயிற்றுக்கிழமை பாப்பா சபை வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் ஒரு பெரியம்மா கன்னத்தைத் தட்டினாள். "தினமும் உனக்காக ஜெபிக்கிறேன்டா." அடுத்தவள் கையில் ஒரு துண்டுப் பிரதியைத் திணித்தாள். மூன்றாவது ஆள் சும்மா இருந்திருக்கலாம். "புதன்கிழமை உன்னை நெனச்சு உங்கம்மா எப்படி அழுதாங்க தெரியுமா?" என்றாள். பாப்பா திரும்பித் தாயைப் பார்த்தாள். அதற்குப் பிறகு வீட்டில் அவள் பேசியது மூன்றே வார்த்தை. "ம்." "சரி." "வேணாம்."

அதைக்கூடக் கண்ணாடியக்கா பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது வேறு. அன்றிலிருந்து ஞாயிறு பள்ளி முடிந்ததும் பாப்பா வெளியே வருவதில்லை. மற்றப் பிள்ளைகள் போன பிறகும் வகுப்பறையிலேயே இருந்து டீச்சரோடு போர்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியாக இரண்டு தலையும் சபை கேட் பக்கத்தில் நிற்கிற தாய்க்குத் தெரியும். 'பெத்தவ இங்க வெயில்ல காயுறேன், அங்க குசுகுசுன்னு என்ன பேச்சு? நாலு இருக்கிறது பத்தாதா அவளுக்கு, என்னோட ஒண்ணும் வேணுமா?' அடுத்த இரண்டு ஞாயிறும் இதையே பார்த்தாள். வியாழக்கிழமை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கடையிலிருந்து நேரே டீச்சர் வீட்டுக்குப் போய் நின்றாள்.

டீச்சர் நாலு பள்ளிச் சட்டையையும் வரிசையாகப் போட்டு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். "வாங்கக்கா, உக்காருங்க."

"உக்கார வரல. என் மகளை என்கிட்ட இருந்து பிரிக்காதீங்க டீச்சர், சொல்லிட்டேன்."

டீச்சர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்து சுவிட்சை அணைத்தாள். "அவ என்கிட்ட பேசுறதே இல்லக்கா. போர்டைத் துடைக்கிறா, டஸ்டரை வைக்கிறா, போயிடுறா. வாசல்ல நிக்கிறவங்க கலைஞ்சு போகட்டும்னு உள்ள இருக்கா. அவ்வளவுதான்."

"உங்ககிட்ட பேசாம இருக்க அவளுக்கு என்ன வந்துச்சு?"

டீச்சர் ஒரு சட்டையின் காலரை விரலால் நீவிவிட்டாள். "ஜெபம் வரலைங்கிற விஷயத்தை நாலு மாசம் முன்னாடியே என்கிட்ட சொல்லிட்டா."

கண்ணாடியக்காவுக்கு முதலில் வந்தது வெட்கம் இல்லை. அப்போதும் பொறாமைதான் முந்திக்கொண்டது. என்னிடம் சொல்வதற்கு முன்னால் இவளிடமா?

"அம்மாகிட்ட போய்ச் சொல்லுன்னு நான்தான் அனுப்பினேன். மாட்டேன்னுட்டா. பயந்தா. உங்கம்மா யாருகிட்டயும் சொல்ல மாட்டாங்க, எனக்கு அவங்களைத் தெரியும்னு சொன்னேன்." டீச்சர் நிமிர்ந்து பார்த்தாள். "நான் சொன்னதை நம்பித்தான் உங்ககிட்ட வந்தா. அதான் இப்போ என்கிட்டயும் பேச்சு இல்ல."

கண்ணாடியக்கா உட்கார்ந்தாள்.

"நாலு மாசமா நீங்க யாருகிட்டயும் சொல்லலையா?"

"வீட்டுக்காரர்கிட்டகூட இல்லக்கா. அது அவளோடது." டீச்சரின் குரல் இறங்கியது. "ஒண்ணு சொல்லவா? என்னோட நாலும் சொன்னதைச் சொல்லும். உள்ள என்ன இருக்குன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. ஒண்ணுகூட இப்படி வந்து பக்கத்துல உக்காந்ததில்ல. உங்ககிட்ட அவ வந்து சொல்லியிருக்கான்னு அன்னைக்குக் கூட்டத்துல கேட்டதும் எனக்கு வயிறு எரிஞ்சுச்சு. அந்த எரிச்சல்லதான் எழுந்து வரல."

இத்தனை வருஷம் தான் பொறாமைப்பட்டது எதைப் பார்த்து என்று கண்ணாடியக்காவுக்கு விளங்கவே இல்லை. எழுந்து கடைக்குத் திரும்பினாள். மறுநாள் காலை ஐந்து மணிக்கு ஸ்டூல் பக்கத்தில் முழங்கால் போட்டவளுக்கு வழக்கமான ஜெபம் வரவில்லை. "நான் கெடுத்துட்டேன் ஆண்டவரே" என்பதற்கு மேல் வாய் எழவில்லை.

சனிக்கிழமை பாப்பா கடைக்கு வந்தாள். ஆசையாக வரவில்லை. பள்ளியில் யாரோ அவள் கண்ணாடி மேல் உட்கார்ந்துவிட்டார்கள், திங்கட்கிழமை பரீட்சை. முதலாளி சாப்பிடப் போயிருந்தார். கண்ணாடியக்கா பிரேமைச் சூடுகாட்டி நிமிர்த்தி, மகளை நாற்காலியில் உட்கார வைத்து, மாட்டிப் பார்த்தாள். இடது காது பக்கம் தூக்கியிருந்தது. கழற்றி வளைத்தாள். மூன்று வாரத்துக்குப் பிறகு அந்த முகம் ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

"பாப்பா, உன் விஷயத்தை நான் ஜெபத்துக்காகச் சொல்லல" என்றாள். "டீச்சர் மகனை எல்லாரும் தூக்கி வச்சிக் கொண்டாடுனாங்க. எனக்குத் தாங்கல. என்னையும் யாராவது பாக்கணும்னு இருந்துச்சு. அதுக்கு உன்னை எடுத்துப் போட்டேன்."

பாப்பா மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காலைல முழங்கால் போடுறேனே, அதுவும் பாதி நடிப்புதான். உனக்காகன்னு சொல்லிக்கிட்டு அவ பிள்ளைங்களைப் பார்த்துப் புலம்பிக்கிட்டு இருந்தேன். இது உங்கப்பாவுக்குத் தெரியாது, பாஸ்டருக்குத் தெரியாது. நீ யாருகிட்ட வேணாலும் சொல்லிக்கோ. சபையில எழுந்து நின்னு சொன்னாலும் சரி. எனக்கு அது வேணும்."

பாப்பா கையை நீட்டிக் கண்ணாடியை வாங்கினாள். போட்டுக்கொண்டு, நழுவுகிறதா என்று தலையை இரண்டு தரம் ஆட்டிப் பார்த்தாள்.

"சரியா இருக்கா?"

"ம்."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவுவரை போனவள் நின்றாள். கோபமாகவும் சொல்லவில்லை, ஆறுதலாகவும் சொல்லவில்லை. பஸ் நம்பர் சொல்வதுபோல் சொன்னாள்.

"நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்மா."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். மகள் தெருவைக் கடந்து போகும்வரை நின்று பார்த்துவிட்டு, கண்ணாடியக்கா அந்த நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். கடையில் வேறு யாரும் இல்லை.