காசிம் கையால் போணி

"கடையில ஒங்களுக்கு என்ன வேலை?" என்று வருமான வரி அதிகாரி கேட்டார். கேட்டது காசிமிடம்.

யுத்தகாலம் அது. அறந்தாங்கி அப்போது தஞ்சாவூர் ஜில்லாவில் இருந்தது. நான் அங்கே ஒரு வக்கீலிடம் வரிக் கணக்குப் பார்க்கும் குமாஸ்தா. அதிகாரி முகாம் வந்து பயணியர் பங்களாவில் விசாரணை நடத்துவார்; சின்னக் கணக்குகளுக்கு வக்கீலுக்குப் பதில் நானே ஆஜராவேன். அன்றைய கட்சிக்காரர் மளிகைக் கடை சுலைமான் ராவுத்தர். காசிம் அவருடைய தம்பி. ஜப்பான் குண்டுக்குத் தப்பி ரங்கூனிலிருந்து காட்டு வழியே நடந்து வந்தவர். வழியில் மனைவியையும் மகளையும் பறிகொடுத்தார். அதற்குப் பிறகு அவருக்குக் கணக்கு ஓடாது. தராசைப் பிடித்தால் கை நடுங்கும்.

ராவுத்தர் தினமும் காலையில் கடைச் சாவியைத் தம்பி கையில் கொடுப்பார். கதவைத் திறப்பதும் முதல் போணிக் காசை வாங்குவதும் காசிம்தான். "நீ வாங்குனாத்தான்டா யாவாரம் ஓடுது" என்பார் அண்ணன். மாதம் பிறந்தால் சம்பளம் என்று ஒரு தொகை கொடுப்பார். காசிம் அதை அப்படியே அண்ணன் மனைவியிடம் நீட்டுவார்: "என் சாப்பாட்டுக்கு வச்சுக்கங்க மதினி."

அந்தத் தொகையைக் கடைச் செலவாக வருமானத்தில் கழித்துக் காட்டலாம் என்று யோசனை சொன்னவன் நான். சம்பளத்துக்குக் கழிவு உண்டு; தம்பிக்குச் சோறு போடுவதற்குக் கிடையாது. அதிகாரி நம்பவேண்டும் என்பதற்காக ஆளையே கூட்டிவரச் சொன்னேன்.

"அவன எதுக்குங்க அங்கிட்டெல்லாம் இழுத்துக்கிட்டு?" என்றார் ராவுத்தர்.

"சும்மா வந்து நிக்கட்டுங்க. ஆளைப் பாத்தா நம்புவாரு."

காசிம் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். அதிகாரியின் கேள்விக்குத் தயங்கவே இல்லை.

"போணி எங் கையிலதாங்க. நான் தொறக்காம கடை தொறக்காதுங்க."

"அப்புறம்?"

"அப்புறம் அங்கனயே இருப்பேங்க."

அதிகாரியோடு வந்திருந்த ஹெட்கிளார்க் சிரித்துவிட்டார். "நல்ல உத்தியோகம். எனக்கும் ஒண்ணு போட்டுக் குடுங்க ராவுத்தரே."

அதிகாரி பேனாவை எடுத்தார். கழிவு போய்விட்டது என்று புரிந்தது. எங்கள் தொழிலில் ஒரு வாதம் விழுந்தால் உடனே மாற்று வாதம் வைப்போம். அந்தப் பழக்கத்தில் என் வாய் முந்திக்கொண்டது.

"சம்பளம்னு ஏத்துக்காட்டிப் போகுதுங்க. இவரு ஒரு வேலைக்கும் ஆகாதவரு, மூளை கலங்கினவரு. அண்ணன் எரக்கப்பட்டுச் சோறு போடுறாரு. அதையாவது கழிச்சுக் குடுக்கணும்."

"அதுக்குச் சட்டத்துல எடமில்ல" என்று அதிகாரி எழுதி முடித்தார்.

காசிம் திரும்பினார். "அப்படியாண்ணே?"

ராவுத்தர் குனிந்து கணக்குப் புத்தகங்களை அடுக்கினார்.

மறுநாள் அண்ணன் நீட்டிய சாவியைக் காசிம் வாங்கவில்லை. அந்த வீட்டில் சாப்பிடவும் இல்லை. கடலோரத்து மணமேல்குடிக்குப் போய், நடுங்கும் கையோடு கருவாட்டு மூட்டை தூக்கினார். ராவுத்தர் பலமுறை போய் அழைத்தும் வரவில்லை. அந்த மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு அங்கேயே இறந்துபோனார்.

துக்கம் கேட்கப் போனேன். பூட்டிய கடையின் படியில் உட்கார்ந்திருந்த ராவுத்தர் என்னைத் திட்டவில்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா, வரியக் கட்டியிருப்பேனேய்யா."

இந்தத் தொழிலுக்கு வரும் இளைஞர்களுக்குச் சொல்கிறேன்: மாற்று வாதத்தை எடுக்கும் முன், அதைக் கேட்டுக்கொண்டு அறையில் யார் நிற்கிறார் என்று பாருங்கள். அதன்பின் எத்தனையோ விசாரணைகளில் நான் வாயை மூடிக்கொண்டு தோற்றிருக்கிறேன். காசிமுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.