வால்வு வீட்டுக்குப் பின்னால் பதினோரு அடி

குடிநீர் நிலையத்தில் இருபத்திரண்டு வருஷம் வால்வு திருப்பியதால் அவர் பெயரே வால்வு என்றாகிவிட்டது. தெருவின் கடைசி வீடு அவருடையது. சமையலறைச் சுவருக்கும் அலைக்கும் நடுவே பதினோரு அடி மணல். போன வருஷம் முப்பது. மழைக்காலத்துக்குள் கரை நிற்காவிட்டால் காலி செய்ய வேண்டும் என்று நோட்டீஸ் வந்துவிட்டது.

மணலைக் கல்லாக்கிப் பார்க்க ஆய்வகத்திலிருந்து ஒரு மேடம் வந்தார். முதலில் கிருமித் தண்ணீரை மணலில் விட வேண்டும். ஆறு மணி நேரம் சும்மா இருக்க வேண்டும். பிறகு யூரியாவும் சுண்ணாம்புச் சத்தும் கலந்த தண்ணீர். கிருமி அதை வைத்து மணலோடு மணலை ஒட்டிவிடும். பம்பு ஓட்டக் குடிநீர் நிலையத்திலிருந்து வால்வை அனுப்பினார்கள். சோதனைக்கு மேடம் குறித்த இடமோ மூன்று வீடு தள்ளி, பூட்டிக் கிடந்த வீட்டின் பின்புறம்.

“பூட்டுக்குக் காவல் போடுறாங்க. நீங்க ஹோஸ் பிடிக்கிறீங்க,” என்றாள் மனைவி.

“ஹோஸ் நீளமாத்தான் இருக்கு,” என்றார் அவர்.

மேடம் சாப்பிடப் போன மதியம் ஹோஸ் அவர் வீட்டுப் பக்கம் நீண்டது. ஆறு மணி நேரத்துக்கு எங்கே போவது? கையிலிருந்தது முக்கால் மணி நேரம். இரண்டு தண்ணீரையும் ஒன்றாக விட்டார். மூன்றாம் நாள் மணலைத் தட்டினால் டொக்கென்றது. யூரியாவால் கழிவறை நாற்றம் வேறு.

“வீடு நிக்கும். நாமதான் மூக்கைப் பிடிச்சிட்டு ஓடணும்,” என்றாள் மனைவி. சொல்லிவிட்டு அதன்மேல் இரண்டு தடவை நடந்தும் பார்த்தாள்.

அமாவாசை அலை மூன்று அடியை அள்ளிக்கொண்டு போனது. மேலே அரை அங்குலம்தான் கல் ஓடு. அடியில் மணல் மணலாகவே இருந்திருக்கிறது. குறித்த இடம் அசையவில்லை.

மேடம் ஓட்டுத் துண்டு ஒன்றைத் திருப்பிப் பார்த்தார்.

“இதை யார் செஞ்சது?”

“கிருமிதான் மேடம்.”

மேடம் சிரிக்கவில்லை. “ரெண்டையும் ஒண்ணா விட்டா மேலேயே அடைச்சுக்கும். கீழ இறங்காது.”

“நான்தான் விட்டேன்,” என்றார் வால்வு. “இன்னும் எட்டடிதான் இருக்கு.”

மேடம் சுவரைப் பார்த்தார். கையிலிருந்த குறிப்பு நோட்டைப் பார்த்தார். “தப்பா செஞ்ச இடத்துலயே சரியா செஞ்சாத்தான் ஒப்பிட முடியும்,” என்று ஒரு குச்சியால் சுவர் வரை கோடு கிழித்தார். “ஆறு மணி நேரம் சும்மா இருப்பீங்களா?”

“இருக்க மாட்டாரு மேடம்,” என்று சமையலறைச் சன்னலிலிருந்து மனைவியின் குரல் வந்தது. “நான் பார்த்துக்கிறேன்.”

மறுநாள் காலை எட்டு மணிக்குக் கிருமித் தண்ணீர் விட்டாயிற்று. மனைவி பம்பின் மேலேயே ஏறி உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள். பத்தரைக்கு வால்வு மெல்ல எழுந்தார்.

“உட்காருங்க,” என்றாள், தலையைத் தூக்காமல்.