மணலில் படுக்கப்போட்டு வாங்கிய வண்டி

1. கொட்டிவிட்டு வந்த நாள்

கால்நடைத் துறையில் ஸ்டாக்மேனாக, அதாவது மாட்டு டாக்டருக்கு உதவியாளாக, நான் கும்மிடிப்பூண்டிக்கு மாற்றலாகி வந்தது எழுபதுகளின் தொடக்கத்தில். மாடுகளுக்கு வரும் வெக்கை நோய்க்குத் தடுப்பூசி போடுவதுதான் முக்கிய வேலை. மருந்து மெட்ராஸிலிருந்து காலை ரயிலில் வரும். சிறிய கண்ணாடிக் குப்பிகளில் பவுடராக இருக்கும். பிளாஸ்கில் ஐஸ் நிரப்பி, குப்பிகளை அதற்குள் வைத்து எடுத்துப் போக வேண்டும். ஐஸ் முழுக்கக் கரைந்து குப்பி சூடாகிவிட்டால் அது மருந்தே இல்லை, வெறும் தூள்.

என் எல்லையில் ஒரு பக்கம் எளாவூர் செக்போஸ்ட் வரைக்கும் நல்ல ஹைரோடு. இன்னொரு பக்கம் பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்கள். அங்கே போகும் பாதை முதலில் தாராக இருக்கும், பிறகு கப்பி, அப்புறம் வெறும் மணல். மணல் முடியும் இடத்தில் படகுத்துறை. நான் சொல்லப்போகும் குப்பம் அக்கரையில் இருந்தது.

என்னிடம் இருந்தது சைக்கிள். முதல் முகாமுக்குப் போன அன்று மணலில் அதை மிதித்ததைவிடத் தள்ளியதுதான் அதிகம். படகேறி அக்கரை சேரும்போது உச்சி வெயில். மேய்ச்சலுக்கு விடாமல் காலையிலிருந்து மாடுகளைப் பனைமரங்களில் கட்டி வைத்திருந்தார்கள். பிளாஸ்கைத் திறந்தேன். உள்ளே வெதுவெதுவென்று தண்ணீர்தான் இருந்தது. விதிப்படி எல்லாக் குப்பிகளையும் உடைத்து, அத்தனை பேர் முன்னாலும் மணலில் கொட்டினேன்.

படகோட்டி ஏழுமலைக்கு அந்த ஊரில் கறவை எருமைகள் இரண்டு இருந்தன. குடும்பத்துக்கு மழைக்காலச் சோறு அந்த எருமைகளால்தான். நான் கொட்டிய இடத்தையே அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னா சார், கொட்டறதுக்கா இம்மாந்தூரம் வந்த?"

வெட்கமாக இருந்தது. திரும்பும் வழியிலேயே முடிவு செய்துவிட்டேன். அடுத்த முறை இந்தக் குப்பத்துக்கு ஐஸோடுதான் வருவேன், அதற்கு என்ன வண்டி வேண்டுமோ அதை வாங்கியே தீருவேன்.

2. பெரிய வண்டியா, சின்ன வண்டியா

மோட்டார் வண்டி வாங்கப் போகிறேன் என்று தெரிந்ததும் ஆபீசில் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். ஸ்கூட்டர் வாங்கச் சொன்னவர்களும் உண்டு. அதன் சக்கரம் இட்லித் தட்டு அளவு. மணலில் இறங்கினால் அங்கேயே குடித்தனம் நடத்த வேண்டியதுதான்.

எங்கள் டாக்டர் மதுரைக்காரர். முந்நூற்றைம்பது சிசி வண்டி வைத்திருந்தார். ஆளும் வண்டிக்கு ஏற்ற ஆள்.

"வாங்குறதுதான் வாங்குற, பெரிய வண்டியா வாங்குய்யா. கவர்மென்ட் ஆளு வர்றான்னு ஊருக்கே சத்தம் கேக்கணும். ஒரு ஞாயித்துக்கிழமை என் வண்டிய எடுத்துட்டுப் போய் ஓட்டிப் பாரு."

போனேன். ஹைரோட்டில் அது ராஜா வண்டிதான், இல்லையென்று சொல்லமாட்டேன். லாரிகளை எல்லாம் பின்னால் விட்டுவிட்டுப் போனேன். மணலில் இறங்கியதும் கதை மாறியது. பின்சக்கரம் அச்சு வரைக்கும் புதைந்தது, ஆக்சிலேட்டரை முறுக்க முறுக்க இன்னும் ஆழம் போனது, கடைசியில் வண்டி அப்படியே சாய்ந்து படுத்துக்கொண்டது. என்னால் ஒரு சாண்கூடத் தூக்க முடியவில்லை. இறால் கூடையோடு வந்த மூன்று பேர் சேர்ந்து நிமிர்த்தினார்கள். அதில் ஒருவர் கேட்டார்.

"தெனமும் எங்க மூணு பேரையும் பின்னால குந்த வெச்சிக்கினு வருவியா சார்?"

அவர் கிண்டலாகத்தான் கேட்டார். எனக்கு அது சரியான கேள்வியாகப் பட்டது. இந்த வேலையில் நான் தனி ஆள். விழுந்தால் நானேதான் தூக்க வேண்டும்.

ஹைரோட்டு ஓரத்தில் காதர் பாய் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். அங்கே நூற்றெழுபத்தைந்து சிசி டூ-ஸ்ட்ரோக் வண்டி ஒன்று விற்பனைக்கு நின்றது. நேரே அதைத் தள்ளிக்கொண்டு போய், பக்கத்தில் கட்டட வேலைக்குக் கொட்டியிருந்த ஆற்றுமணலில் படுக்கப்போட்டேன். காதர் பாய் ஸ்பேனரோடு ஓடி வந்தார்.

"இன்னா சார் பண்ற? வாங்க வர்றவங்க கிக்கர அடிச்சி சவுண்டு பார்ப்பாங்க. நீ தூங்க வெக்கிற."

"எழுப்ப முடியுதான்னு பாக்கறேன் பாய்."

முகாமுக்குச் சுமக்கும் மருந்துப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே ஹேண்டில்பாரையும் சீட்டையும் பிடித்துத் தூக்கினேன். முதுகு பிடித்துக்கொண்டது, ஆனால் வண்டி எழுந்துவிட்டது. மறுபக்கமாகப் படுக்க வைத்து இன்னொரு தடவையும் தூக்கினேன்.

"இதுவே போதும் பாய்."

"அப்ப பின் ஸ்ப்ராக்கெட்ட மாத்திக்க சார். பல்லு சாஸ்தியா போட்டா மணல்ல நல்லா இழுக்கும். ஆனா ஹைரோட்ல ஸ்பீடு வராது. லாரிக்காரன் ஹாரன் அடிச்சே பேஜார் பண்ணுவான்."

"அடிக்கட்டும். அவனுக்கு ஐஸ் கரையாது."

ஏரிக்கரையில் கறுப்புச் சேறு உண்டு. அது மட்கார்டுக்குள் ஏறி சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். அதனால் முன் மட்கார்டைக் கழற்றி ஒரு சாண் உயர்த்தி மாட்டச் சொன்னேன். மறுநாள் டாக்டர் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார்.

"என்னய்யா, மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு நிக்குது? ஓட்டுறவன் மாதிரியே இருக்கு."

3. பாடு நாள்

சில வாரங்கள் கழித்து, ஏரிக்குத் தெற்கே ஒரு ஊரில் வெக்கை நோய் வந்துவிட்டதாகத் தகவல் வந்தது. அந்த ஊர் மாடுகளும் நம் குப்பத்து மாடுகளும் ஒரே புல்லில் மேய்பவை. தாமதித்தால் ஏழுமலையின் எருமைகள் உட்பட ஒன்றும் மிஞ்சாது. காலை ரயிலில் வந்த மருந்தை வாங்கிக்கொண்டு புறப்பட்டேன். வெயில் ஏறுவதற்குள் படகுத்துறைக்கு வந்துவிட்டேன், பிளாஸ்கில் ஐஸ் கடகடவென்று ஆடியது. எனக்கு ஒரே பெருமை.

துறையில் ஒரு படகும் நகரவில்லை. ஏரியின் குறுக்கே கம்பு நட்டு வலை கட்டியிருந்தது.

பாடு என்றால் முறை. இறால் நிறைய விழும் இடங்களைக் குப்பத்துக்காரர்கள் சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்வார்கள். ஒரு கூட்டத்துக்கு முறை வந்த நாளில் அந்தத் தண்ணீரில் வேறு படகு குறுக்கே போகக் கூடாது, போனால் இறால் கலைந்துவிடும். எனக்கு இது தெரியும். அன்றைக்குப் பாடு உண்டா என்று விசாரித்து வைத்துக்கொள்ளத்தான் தோன்றவில்லை.

ஏழுமலை இடுப்பளவு தண்ணீரில் வலையருகே நின்றான். கரையிலிருந்து விஷயத்தைச் சொன்னேன்.

"தெரியும் சார். ஆனா இன்னிக்கு எங்க பாடு. படகு போவாது."

"உன் எருமைக்கும் சேர்த்துத்தான்யா மருந்து கொண்டுவந்திருக்கேன். நான் கவர்மென்ட் வேலையா வந்திருக்கேன்."

"ஏரிக்கு இன்னா சார் தெரியும் கவர்மெண்டு? என் எருமையே செத்தாலும் படகு போவாது. நான் ஒருத்தன் கலைச்சா இத்தினி ஊட்லயும் ஒல கொதிக்காது."

பிடிவாதத்தில் எனக்கு அண்ணன் அவன். ஆத்திரம் வந்தாலும் அவன் சொன்னது நியாயம் என்று மனசுக்குப் பட்டது.

"சுத்திப் போக வழி இருக்குதா?"

"மாட்டுத் தடம் கீது. சேறு, அப்பால மணலு. வண்டி எதுவும் போனதில்ல சார்."

"மாடு போகுதில்ல?"

"போவும்."

"அப்ப நானும் போறேன்."

பிளாஸ்க் இருந்த பையை மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டேன். சேற்றில் முதல் கியரிலேயே, இரண்டு காலையும் ஊன்றி ஊன்றிப் போனேன். உயர்த்திய மட்கார்டுக்குக் கீழே சேறு வழிந்து விழுந்ததே தவிர சக்கரத்தைப் பிடிக்கவில்லை. மணல்மேட்டில் வண்டி விழுந்தது. தூக்கினேன். இறக்கத்தில் மறுபடி விழுந்தது, மறுபடி தூக்கினேன். நடுவில் பிளக்கில் எண்ணெய் அடைத்து எஞ்சின் நின்றது. கழற்றி, வேட்டி முனையில் துடைத்து மாட்டினேன். உதைத்து உதைத்துக் கால் மரத்த பிறகுதான் உயிர் வந்தது. டாக்டரின் வண்டியாக இருந்திருந்தால் அன்று மருந்து அந்த மணலிலேயே கிடந்திருக்கும்.

குப்பத்தில் பிளாஸ்கைத் திறந்தேன். நெல்லிக்காய் அளவுக்கு ஐஸ் மிச்சம் இருந்தது. குப்பிகள் சில்லென்று இருந்தன. ஆண்கள் எல்லாம் பாடு வலையில் நிற்க, பெண்கள்தான் மாடுகளைப் பிடித்துக் கொடுத்தார்கள். ஒன்று விடாமல் ஊசி போட்டு, அதற்கு அடையாளமாகக் காதில் துளை அடித்தேன். அந்த வருஷம் தெற்கே பல தொழுவங்கள் காலியாகின. இந்தக் குப்பத்துக்குள் நோய் நுழையவில்லை.

வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் என்னிடம் வண்டி வாங்க யோசனை கேட்கிறார்கள். நீ போகிற வழியில் ரொம்ப மோசமான இடம் எதுவோ, அங்கே போய் ஓட்டிப் பார்த்து வாங்கு என்பேன். அங்கே இருப்பவர்களின் முறையையும் விசாரித்துக்கொண்டு போ என்பேன். இரண்டாவதை நான் அன்றுதான் கற்றேன்.

அன்று சாயங்காலம் படகுகள் திரும்பின. ஏழுமலை முதலில் எருமைகளின் காதைத் தடவிப் பார்த்தான். பிறகு கரையில் இறாலைக் கூறு கட்டினார்கள், வலையில் நின்ற ஆளுக்கு ஒரு கூறு. கடைசியில் ஒன்று மிஞ்சி நின்றது. அவன் அதை ஓலைக் கூடையில் அள்ளி என்னிடம் நீட்டினான். கவர்மென்ட் ஆள் யாரிடமும் எதுவும் வாங்கக் கூடாது என்று மறுத்தேன்.

"இது யாரும் குடுக்கற இனாம் இல்ல சார். கூறு. இன்னிக்கு எங்க பாட்டுல நீயும்தான் நின்ன."

வாங்கி கேரியரில் கட்டிக்கொண்டேன்.