விரல் நுனியில் நிற்காத இரத்தம்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு மழைக்காலத்தில் பதுளை ஆஸ்பத்திரியில் நடந்தது இது. நாங்கள் ஸ்பிரிங்வெளிப் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பில் இருப்பவர்கள். கொழுந்து பறிக்கும் என் மனைவி, எலிக்காய்ச்சல் முற்றி, நினைவில்லாமல் அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தாள். ஐந்து நாட்களாக வெளியே மர வாங்கிலேயே உட்கார்ந்திருந்த எனக்குப் பசியும் தெரியவில்லை. யார் எதைச் சொன்னாலும் தலையாட்டும் நிலை.

ஆறாம் நாள் பகல் அவளுடைய அண்ணன் ஓர் அக்குபங்சர் வைத்தியரோடு வந்தார். அண்ணனின் பல வருட இடுப்பு வலியைக் குறைத்தவர் அவர். நோயாளியைப் பார்க்க ஒவ்வொருவராகத்தான் விடுவார்கள். நான் வெளியே வந்ததும், அவளுடைய தம்பி என்று சொல்லி வைத்தியர் உள்ளே போவது, திரை மறைவில் கை கால்களில் ஊசி வைத்து எடுத்துவிடுவது. இதுதான் மச்சானின் ஏற்பாடு. சரி என்றேன்.

தோட்டத்தில் எங்களுக்கு இப்படி மறைப்பது பழக்கம்தான். டாக்டரிடம் போகும்போது மந்திரித்த கயிற்றைக்கூட அவிழ்த்துச் சட்டைப்பைக்குள் வைத்துவிடுவோம். கஷாயம் குடித்ததைக் கேட்டாலும் இல்லை என்போம். ஏசுவார்கள் என்ற பயம்.

நான் உள்ளே போனபோது, தாதி இரத்தத்தில் சீனி அளவு பார்க்க அவள் விரலில் குத்தினார். பஞ்சை வைத்து என்னை அழுத்திப் பிடிக்கச் சொன்னார். சற்று நேரம் கழித்து எடுத்தால் மறுபடியும் சிவப்பு. வேறு பஞ்சு தந்தார். அதுவும் நனைந்தது. தேயிலைக் கறை ஏறிய அந்த விரலில் குத்திய இடமே தெரியவில்லை. இரத்தம் மட்டும் நிற்கவில்லை.

வெளியே காத்திருக்கும் ஊசிகள் நினைவுக்கு வந்தன.

பக்கத்தில் நின்ற டாக்டர் யாழ்ப்பாணத்துப் பெண். படித்தவர்களோடு பேசிப் பழகாத நான், பஞ்சைப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் ஏசவில்லை.

"ஐயா, இவவுக்கு இப்ப ரத்தம் உறையிறது குறைவு. சின்ன ஊசியும் கூடாது. ஊசியால கிருமியும் உள்ள போகலாம். அந்த வைத்தியத்தை நான் பழுது சொல்லேல்லை. பழகின ஆள், ரத்த றிப்போட்டைப் பார்த்து, எங்களுக்கும் சொல்லிச் செய்யிறது வேற. ஒளிச்சுச் செய்யிறது வேற."

வெளியே வந்து சொன்னதும் மச்சானுக்குக் கோபம். "கல்யாண வீட்லயே வாயத் தொறக்காத ஆளு, இன்னைக்குத்தான் பேசணும்னு தோணுச்சா மாப்ள?"

வைத்தியர்தான் அவரை அடக்கினார். "காய்ச்சல், மயக்கமா இருக்குன்னுதானே எங்கிட்ட சொன்னீங்க? ரத்தம் நிக்காதுன்னு தெரிஞ்சா நான் வந்தே இருக்க மாட்டேங்க" என்றார். பையை எடுத்துக்கொண்டு, மழையிலேயே பஸ் நிலையத்துக்கு நடந்தார். மச்சான் தலை குனிந்து உட்கார்ந்துவிட்டார். நாங்கள் டாக்டரிடம் வைத்தியரை மறைக்கப் பார்த்தோம். வைத்தியரிடம் நோயை மறைத்தோம்.

மனைவி பிழைத்தாள். பழைய பலம் இல்லை. பாதி மலை ஏறும் முன்பே உட்கார்ந்துவிடுகிறாள். இப்போது முழங்கால் வலிக்கு அதே வைத்தியரிடம்தான் போகிறோம், ஆஸ்பத்திரி கிளினிக்கில் கேட்டுவிட்டு. எனக்குக் கூச்சம் இன்னும் போகவில்லை. ஆனாலும் எந்த டாக்டர் முன்னால் உட்கார்ந்தாலும், அவர் கேட்கும் முன்பே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். சொல்லி முடிக்கும்வரை அந்த ஈரப் பஞ்சு என் விரல்களுக்கு நடுவிலேயே இருக்கிறது.