பஸ் ஓட்டும் சித்தியும் ஒரு மாத்திரையும்

டாக்டர் பேசியது வேறு மொழி. டவுன் பஸ் ஓட்டும் சித்திக்கு அது அரைகுறை. அதனால் இரண்டு மொழியும் படித்த அக்கா மகள் நடுவில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இதயத்துக்குள்ள மின்சாரம் ஓடுதாம் சித்தி. மேல ஒரு மூலையில கிளம்பி ஒழுங்கா கீழ வரணும். உங்களுக்கு வழி தப்பி மேலேயே சுத்திச் சுத்தி வருதாம். அதான் படபடப்பு."

"ரூட் மாறி ஓடுதா? மெமோ குடுக்கச் சொல்லு."

அக்கா மகள் அதை அவர் மொழியில் சொன்னதும் டாக்டரே சிரித்துவிட்டார்.

"இந்த மாத்திரை, ஒவ்வொரு துடிப்புக்கு அப்புறமும் இதயத்தைக் கொஞ்சம் கூடுதலா ஓய்வுல வைக்குமாம். சுத்தி வர்ற மின்சாரத்துக்கு அப்போ வழி கிடைக்காது. அடங்கிடும்."

"சிக்னல்ல சிவப்பை நீட்டுறாங்க. அவ்வளவுதானே?"

"ஆமா. ஆனா ரொம்ப நீண்டா அதுவே ஆபத்தாம். தாறுமாறா துடிச்சு ஆளையே சாய்ச்சிடும். அப்பப்போ ஈசிஜி பாக்கணும்."

"பாத்துட்டாப் போச்சு. பஸ் ஓட்டலாமான்னு கேளு முதல்ல."

மாத்திரை ஒத்துக்கொண்டால் ஓட்டலாம் என்றார் டாக்டர்.

சித்திக்கு அந்த ஒரு பதில்தான் வேண்டியிருந்தது. பெண் ஓட்டினால் ஏற மாட்டோம் என்று ஒரு காலத்தில் முறுக்கிக்கொண்டவர்கள், இப்போது முன்னால் வரும் வண்டியை விட்டுவிட்டு அவள் பஸ்ஸுக்காக நிற்கிறார்கள். அவள் பிரேக் போட்டால், நிற்பவர் கையிலிருக்கும் டீ அலுங்காது.

மாத்திரை ஒத்துக்கொண்டது. ஈசிஜியும் நன்றாக இருந்தது. மறுபடி வண்டி எடுத்தாள். ஒருநாள் அவசரத்தில் காலை மாத்திரை விட்டுப்போயிற்று. விட்டுப்போன டிரிப்பை மாலையில் சேர்த்து ஓட்டிச் சரிக்கட்டுவது டிப்போ வழக்கம். அதே பழக்கத்தில் சாயங்காலம் மாத்திரையையும் இரண்டாகப் போட்டுக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில், முகம் கழுவிக்கொண்டிருந்தவள் கண் இருட்டி விழுந்தாள். டாக்டர் பயந்ததுபோலவே ஈசிஜியில் துடிப்புக்குப் பிந்தைய அந்த ஓய்வு ரொம்ப நீண்டிருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் டிப்போவுக்குக் கிளம்பினாள். அக்கா மறித்தாள். "வழுக்கி விழுந்தேன்னு சொல்லு. காதும் காதும் வெச்ச மாதிரி முடிஞ்சிடும். யாருக்குடி தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே. முதுகுக்குப் பின்னால ஒரு பஸ் ஜனம் உட்கார்ந்திருக்குக்கா."

நடந்ததை ஒன்று விடாமல் மேலாளரிடம் சொல்லி, சாவியை மேசைமேல் வைத்தாள். சித்தி நிமிர்ந்தபடி வெளியே வந்தாள். தன் பஸ் நின்ற பக்கம் மட்டும் திரும்பவில்லை.

மறு பரிசோதனைக்கு முந்தின நாள், துணி மடித்துக்கொண்டே அக்கா மகளிடம் சொன்னாள்:

"நாளைக்கு டாக்டர் சொல்றதை அப்படியே சொல்லு. நான் மூஞ்சியைத் தொங்கப்போடுவேன்னு எதையும் குறைச்சிடாதே. ஓட்டக் கூடாதுன்னா, ஓட்டக் கூடாதுன்னே சொல்லிடு, என்ன?"