ஜப்பான் காருக்கு மாட்டுக் கொட்டகை

எங்கள் மாட்டுக் கொட்டகையைக் காருக்குக் கேட்டார் என் வீட்டுக்காரர். கேட்டார் என்று மரியாதைக்குத்தான் எழுதுகிறேன். சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே சொன்னார், அவ்வளவுதான். ஜப்பான் கார் ஒன்று வாங்கப் போகிறாராம். வெயிலில் நிறுத்தினால் அதன் பெயிண்ட் வெளுத்துவிடுமாம். வீட்டை விட்டால் ஓடு போட்ட இடம் கொட்டகை ஒன்றுதானாம். மாடுகளை ஓட்டிப் போக வியாபாரியிடம் சொல்லியாகிவிட்டதாம். சொல்லிவிட்டுத் துண்டில் வாயைத் துடைத்துக்கொண்டு மண்டிக்குப் போய்விட்டார்.

எண்பதுகளில் விழுப்புரத்தில் எங்களுக்கு மல்லாட்டை மண்டி இருந்தது. வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். வீடு கோலியனூர் போகிற பாதையில். கொட்டகையில் இருந்த மாடுகள் எல்லாம் என் தாய்வீட்டுச் சீராக வந்த பசுவின் வழியில் வந்தவை. அந்த வீட்டில் என்னுடையது என்று சொல்ல வேறு ஒன்றும் கிடையாது. செவலைப் பசு அப்போது நிறைமாதச் சினை. அது படுத்தால் எழுந்திருக்கச் சிரமப்படும். அதைப் போய் வியாபாரி லாரியில் ஏற்றுவானே என்று நினைத்தபோது எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் வாயைத் திறக்கவில்லை. நான் ஆம்பளைகள் இருக்கிற இடத்தில் நின்று பேசிப் பழகாதவள். கல்யாணமாகி இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் அவரிடம்கூடச் சுவரைப் பார்த்துத்தான் பேசுவேன்.

காருக்கு ஆசை வந்த கதை கேவலமான கதை. திண்டிவனத்தில் அரிசி ஆலை வைத்திருந்த பங்காளி ஒருவர் அம்பாசிடர் வாங்கினார். ஒரு கல்யாணத்துக்கு அதில் வந்து இறங்கியவர், பந்திக்குப் போகிற வழியில் எங்கள் ஸ்கூட்டரைக் காலால் தட்டி, "இன்னும் இதுலதான் சுத்திக்கினு இருக்கிறியா?" என்று கேட்டுவிட்டார். அன்றைக்கு இவர் பாயசம்கூடச் சாப்பிடவில்லை. அதிலிருந்து அம்பாசிடரை விடப் பெரிசாக ஒன்று வேண்டும் என்று மனசுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. துபாயிலிருந்து திரும்பிய ஒருவர் அங்கிருந்து கொண்டுவந்த வண்டிகளை விற்கிறார் என்று ஒரு புரோக்கர் வந்து சொன்னார். அந்தப் பங்காளியின் ஊரிலேயே, திண்டிவனத்திலேயே. அதற்கு மேல் கேட்கவா வேண்டும்?

என்னையும் கூட்டிப் போனார். ஆசையில் இல்லை. எங்கள் வழக்கத்தில் மாடோ நிலமோ எது வாங்கினாலும், அச்சாரத்தை வீட்டுப் பெண்தான் தாம்பூலத் தட்டில் வைத்துக் கொடுக்க வேண்டும். தட்டைப் பிடிக்க ஒரு கை வேண்டும். அந்தக் கைக்காக மீதி உடம்பும் போயிற்று.

லாரி பழுது பார்க்கிற பட்டறைக்குப் பின்னால் இரண்டு கார்கள் நின்றன. விற்கிறவர் கழுத்திலும் கையிலும் அத்தரைக் குளித்தது போலப் பூசியிருந்தார். கிட்டே போனால் தொண்டை கமறும். ஒன்று வெள்ளைக் கார், நாலு கதவு, எல்லாரும் ஏறி இறங்குகிற மாதிரி இருந்தது. இன்னொன்று சிவப்பு. இரண்டே கதவு. தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டு, அம்மிக்கல்லைப் படுக்கப் போட்டது போல இருந்தது. கண்ணாடி முழுக்கக் கறுப்பு. ஸ்டியரிங் இடது பக்கம்.

புரோக்கர் பீடா போட்ட வாயோடு அந்தச் சிவப்பு வண்டியின் பின்பக்கத்தைத் தட்டித் தடவிக்கொண்டே பேசினார். "இடுப்பப் பாருங்க மொதலாளி. வளைவப் பாருங்க. கையி வச்சாலே சும்மா சிலுக்குது பாருங்க." நான் தட்டோடு பக்கத்தில்தான் நிற்கிறேன். இவர் சிரித்தார். துபாய்க்காரரும் சிரித்தார். பிறகு புரோக்கர் திரும்பிப் பட்டறைச் சுவரில் சிவப்பாகத் துப்பிவிட்டு, அதே கையால் வாயைத் துடைத்து, மறுபடியும் காரைத் தடவினார். முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டேன். வெட்கப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

வெள்ளைக் காரைப் பற்றி இவர் மெதுவாக ஏதோ கேட்டார். புரோக்கர், நாலு கதவு இருந்தால் வாடகை வண்டி என்று நினைத்துச் சவாரி கேட்டு வருவார்கள், பங்காளி வண்டியிலும் நாலு கதவுதானே என்றார். அதோடு வெள்ளைக் கார் முடிந்தது. சிவப்பு வண்டிக்குள் ஒரு பொத்தானை அமுக்கினால் முன்னால் மூடியிருந்த விளக்கு இரண்டும் மேலே எழும்பும். சேற்றிலிருந்து தவளை கண்ணைத் தூக்குகிற மாதிரி. இவர் அமுக்கினார். தவளை முழித்தது. மறுபடி அமுக்கினார், தூங்கிற்று. ஐம்பதை நெருங்குகிற மனுஷன், தலைக்கு மை போட்டவர், பட்டறைப் பசங்கள் பார்க்கப் பார்க்க அதையே செய்துகொண்டிருந்தார். இவ்வளவுதான் அவர் கார் பார்த்த லட்சணம். பின்னால் யார் உட்காருவார்கள், எப்படி ஏறுவார்கள், நம் ஊர்ப் பாதையில் இது போகுமா, ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் மண்டிக்கு வருகிற மல்லாட்டையை உடைத்துப் பார்க்காமல் மூட்டை எடுக்க மாட்டார்.

தட்டை நீட்டினேன். துபாய்க்காரர் வெற்றிலையைத் தள்ளிவிட்டு அச்சாரத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். மீதிப் பணத்தை இவர் பையிலிருந்து எண்ணிக் கொடுத்தார். அத்தர் வாசனை தட்டில் ஒட்டிக்கொண்டது. வீட்டுக்கு வந்து புளி போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

திரும்பும்போது இவர் ஓட்டினார். பக்கத்தில் புரோக்கர். முன் சீட்டை மடக்கினால்தான் பின்னால் போக முடியும். எருமை குட்டைக்குள் இறங்குவது போலத் தலையைக் குனிந்து நான் உள்ளே போனேன். அந்த இடம் குழந்தைக்கே போதாது. முட்டி வாய்க்கு வந்தது. பின்கண்ணாடியைத் திறக்க வழி இல்லை. புரோக்கர் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டினார். ஏசிக் காற்றில் அந்தக் கால் நாற்றமும் அத்தரும் பீடாவும் கலந்து நேராக என் முகத்துக்கு வந்தது. மடியில் தட்டு, தட்டில் சக்கரத்துக்கு வைக்க வேண்டிய எலுமிச்சம்பழம். அதில் ஒன்றை எடுத்து நகத்தால் கீறி முகர்ந்துகொண்டேதான் விழுப்புரம் வரைக்கும் உயிரோடு வந்தேன்.

வீட்டுக்குப் போகாமல் நேரே குலதெய்வம் கோயிலில் பூசை போடலாம் என்றார் இவர். கோலியனூரைத் தாண்டிக் கிளைப் பாதையில் போக வேண்டும். அது அறுவடைக் காலம். பாதை முழுக்கக் கொள்ளுச் செடியைப் பிடுங்கிப் பரப்பியிருந்தார்கள். எங்கள் பக்கம் அப்படித்தான். பஸ்ஸோ லாரியோ மேலே ஏறிப் போனால் காய் உடைந்து கொள்ளு உதிரும், அடிக்கிற வேலை மிச்சம். வண்டி வந்தால் சந்தோஷமாக ஒதுங்கி நிற்பார்கள்.

இவர் ஏறிப் போனார். அந்தப் பக்கம் நின்ற ஜனங்கள் சிவப்புக் காரைப் பார்த்து ஆ என்று வாயைப் பிளந்தார்கள். ஒரு பெரியவர் கையைக் காட்டி, "இன்னொரு தபா போய்ட்டு வாங்க சாமி, நல்லா உதுருது" என்றார். அவ்வளவுதான். இவர் காரைத் திருப்பினார். மறுபடி திருப்பினார். கொள்ளு மேல் போவதும் வருவதுமாக, நடுநடுவே பொத்தானை அமுக்கித் தவளைக் கண்ணைத் தூக்கிக் காட்டுவதுமாக. பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்தன. செடி அடியில் உரசுகிற சத்தம் எனக்குக் கேட்டது. லாரி உயரமான வண்டி. இது தரையைத் தேய்த்துக்கொண்டு போகிற வண்டி. காய்ந்த கொடியெல்லாம் அடியில் சுருட்டிக்கொண்டது.

முதலில் வாசனைதான் வந்தது. சாயங்காலம் கொசுவுக்குக் கொட்டகையில் மூட்டம் போடுவேனே, அந்த வாசனை. நான் "ஏங்க" என்றேன். அது எனக்கே கேட்டிருக்காது. ஏசியும் பாட்டும் ஓடிக்கொண்டிருந்தன. மறுபடி "ஏங்க, பொகை" என்றேன். அதற்குள் என் கால் சுட்டது. முன்னால் இருந்து புகை கிளம்பியது.

வண்டி நின்றது. இரண்டு கதவும் திறந்தன. இந்தப் பக்கம் இவர் குதித்தார், அந்தப் பக்கம் புரோக்கர் வெறுங்காலோடு குதித்தார். இரண்டு பேரும் ஓடினார்கள். சீட்டை மடக்கினால்தான் நான் வெளியே வர முடியும். மடக்குகிற பிடி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அவர்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

"ஐயோ, என் கார் பத்திக்கிச்சே" என்று இவர் வரப்பின் மேல் நின்று தலையில் அடித்துக்கொள்வதை அந்தக் கறுப்புக் கண்ணாடி வழியே பார்த்தேன்.

கொள்ளு தட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மாள்தான் கழியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். "யோவ், உள்ள பொம்பள இருக்குதுய்யா" என்று ஒரு சத்தம். சீட்டின் மேல் முட்டி போட்டு, என் இரண்டு கக்கத்திலும் கையைக் கொடுத்து, மூட்டையைத் தூக்குகிற மாதிரி இழுத்தாள். புடவை எங்கேயோ மாட்டிக் கிழிந்தது. அத்தனை பேர் முன்னால் முழங்கால் தெரியக் கொள்ளுச் செடி மேல் விழுந்தேன். அவள் தன் மேல்துண்டை எடுத்து என் மேல் போர்த்தினாள். அது வேர்வை நாற்றம் அடித்தது. அன்றைக்கு நான் முகர்ந்ததில் சகிக்க முடிந்த நாற்றம் அது ஒன்றுதான்.

ஜனங்கள் மண்ணை வாரிப் போட்டும், வாய்க்கால் தண்ணீரை மொண்டு ஊற்றியும் அணைத்தார்கள். அடிப்பக்கம் கருகிவிட்டது. முன்பக்கம் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியிருந்தது. தவளைக் கண் ஒன்று மேலேயே நின்றுவிட்டது, ஒன்று மூடிக்கொண்டது. இவர் என்னிடம் வந்தார். கால் எப்படி இருக்கிறது என்று கேட்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"பொகை வருதுன்னு வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னா? பேஜாராப் போச்சி பாரு" என்றார்.

பக்கத்தில் நின்ற அந்த அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கீழே துப்பினாள். நான் பார்த்த துப்பலில் அது நியாயமான துப்பல்.

மாடு கட்டி இழுத்துத்தான் காரை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். புரோக்கர் போன வழி தெரியவில்லை. செருப்பு மட்டும் உள்ளே கிடந்தது. ராத்திரி முழுக்க இவர் பேசிக்கொண்டே இருந்தார். பட்டறையில் சொல்லிச் சரிபண்ணிவிடலாமாம், மழைக்கு முன்னால் கொட்டகையில் ஏற்றிவிட வேண்டுமாம். நான் காலில் மஞ்சளைக் குழைத்துப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன்.

காலையில் மாட்டு வியாபாரி கயிறும் ஆளுமாக வந்தான். இவர் வாசலில் நின்று, பின்பக்கம் போய் அவிழ்த்துக்கொள் என்றார். நான் கொட்டகை வாசலில் போய் நின்றேன். வேற்று ஆம்பளை முன்னால் முந்தானையை இழுத்து மூடாமல் நின்றது அதுதான் முதல். காலில் கட்டு, தலை வாராமல் அப்படியே நின்றேன்.

"மாடு குடுக்கறதில்லப்பா. நீ போய்ட்டு வா" என்றேன்.

வியாபாரி அவரைப் பார்த்தான். கொள்ளு மேல் நடந்தது அதற்குள் கோலியனூர் சந்தை வரைக்கும் தெரிந்துவிட்டது, அவன் முகத்திலேயே தெரிந்தது. இவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் அவரைப் பார்த்தேன். சுவரை இல்லை, அவர் முகத்தை. மை வழிந்து காது ஓரமெல்லாம் கறுப்பாக இருந்தது. அவர் வாயை மூடிக்கொண்டார். வியாபாரி கயிற்றைச் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு போனான்.

கார் வாசலிலேயே நின்றது. பட்டறைக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, இதற்குச் சாமான் இங்கே கிடைக்காது என்றார்கள். பங்காளி அம்பாசிடரில் வந்து விசாரித்தார். இவர் அவரிடம், தீக்குள் பாய்ந்து என்னை வெளியே தூக்கியதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் காபியைக் கொண்டுபோய் வைத்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன். அதைக் கேட்டுக்கொண்டு அங்கே நிற்க முடியவில்லை.

செவலை அந்தக் கொட்டகையிலேயே கன்று போட்டது. அது கொஞ்சம் ஓடப் பழகியதும் நேரே காரிடம்தான் போகும். கொப்புளித்த பெயிண்ட் மேல் முதுகைத் தேய்த்துக்கொள்ளும், கதவை நக்கும். "அதப் புடிச்சிக் கட்டு" என்று உள்ளே இருந்து கத்துவார். நான் கட்டவில்லை.